காக்கா வடையிலிருந்து கர்ணன் வரை: பிள்ளைகளுக்குப் பெரிய கதைகளை எப்போது தொடங்கலாம்?

என் மகளுக்கு ஐந்தரை வயதிருக்கும்போது சிறுத்தொண்டர் கதையைச் சொல்லித் தொலைத்தேன். பெரிய புராணத்தில் வருவது. திருச்செங்காட்டங்குடியில் நடந்ததாகச் சொல்வார்கள். அடியார் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மகன் சீராளனை அறுத்துக் கறி சமைக்கிறார்கள். கடைசியில் வாசலில் நின்று கூப்பிட்டதும், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன் போலப் பையன் ஓடி வருகிறான். நல்ல முடிவுதானே என்று நினைத்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அந்தப் பையன் திரும்பி வந்த அன்னிக்கு ராத்திரி யார் பக்கத்துல படுத்துப்பான்?"

அடுத்த பத்து நாள் அவள் பாட்டியின் கட்டிலை விட்டு வரவில்லை.

இரணியனின் குடலை நரசிம்மர் உருவி மாலையாகப் போட்டுக்கொண்டதைக் கேட்டு "மறுபடி சொல்லு" என்று குதித்தவளும் இவள்தான். அப்போதுதான் உறைத்தது. கதையில் எத்தனை பேர் சாகிறார்கள், எவ்வளவு ரத்தம் என்று கணக்குப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அட்டையில் போட்டிருக்கும் வயதும் அரைகுறையாகத்தான் உதவும். பிள்ளை கேட்கிற கேள்வியைக் கவனித்தால் போதும், அடுத்த கதைக்கு நேரம் வந்துவிட்டதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, நிறையத் தப்பும் செய்து நான் பழகிக்கொண்ட முறை கீழே இருக்கிறது. காக்கா வடையும் முயல் ஆமையும் தீர்ந்துபோய், இனி என்ன சொல்வது என்று முழிக்கிற அப்பா அம்மாவுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் புதுக் கதை எதுவும் வேண்டாம். இப்போது சொல்லிக்கொண்டிருப்பதையே சொல்லுங்கள். கதை முடிந்ததும் பிள்ளை கேட்பதை அப்படியே, அதன் பேச்சிலேயே எழுதி வையுங்கள். தேதி, கதையின் பேர், கேள்வி. அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். மூன்று, நான்கு வயதில் "அப்புறம்?" என்பதுதான் முக்கால்வாசி. அடுத்து "ஏன்?" வரும்: நரி ஏன் பாடச் சொன்னது, காக்காவுக்கு வேறு வடை கிடைக்காதா. அதற்கும் அப்புறம் "அது தப்பில்ல?" என்பது எட்டிப் பார்க்கும். பாட்டி வடையைக் காக்கா திருடியது தப்பு, அதை நரி ஏமாற்றிப் பிடுங்கியது மட்டும் எப்படிச் சரி? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வந்த அன்றைக்கு நான் நோட்டில் அடிக்கோடு போட்டேன். கதைக்குள் நல்லவன், கெட்டவன் என்று இரண்டே பெட்டி இருந்த காலம் முடிகிறது என்று அர்த்தம்.

கடைசியாக வருவது "நானா இருந்தா..." என்று தொடங்கும். சீராளன் பற்றி என் மகள் கேட்டதும் ஒருவகையில் அதுதான். நான் நினைத்ததைவிடக் கதைக்குள் ரொம்ப உள்ளே போய்விட்டாள். திரும்பி வருகிற வழிதான் அவளுக்குத் தெரியவில்லை.

சிங்கத்துக்கு உயிர் கொடுத்தவன்

நோட்டு மட்டும் போதாது என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பிள்ளைக்குச் சோதனை என்று தெரியவே கூடாது.

நான்கு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். வழியில் ஒரு செத்த சிங்கத்தின் எலும்புகள். ஒருவன் தன் வித்தையால் எலும்பைச் சேர்க்கிறான். இன்னொருவன் சதையும் தோலும் வைக்கிறான். மூன்றாமவன் உயிர் கொடுக்கப் போகிறான். நான்காமவனுக்குப் படிப்பு இல்லை, புத்தி உண்டு. "இருங்கடா" என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறிக்கொள்கிறான். சிங்கம் எழுந்து மூன்று பேரையும் தின்றுவிடுகிறது. பஞ்சதந்திரத்தில் இருக்கிற கதை. வேதாளக் கதைகளிலும் கொஞ்சம் மாறி வருகிறது, அங்கே வேதாளம் விக்கிரமாதித்தனிடம் "இதில் யார் மேல் தப்பு?" என்று கேட்கும். நீங்களும் அதையே கேளுங்கள். பதிலைத் திருத்த வேண்டாம்.

ஐந்து வயதில் என் மகன் சொன்னது: "சிங்கம் மேல. அது கெட்ட சிங்கம்." ஏழு வயதில்: "உயிர் குடுத்தவன்." வேதாளக் கதையில் அரசன் சொல்லும் பதிலும் இதுதான். எட்டரை வயதில் அதே கதையை எடுத்தபோது சண்டைக்கே வந்துவிட்டான்: "எலும்பு சேர்த்தவனுக்கு அது சிங்கம்னு தெரியாதா? மரத்துல ஏறினவன் அவங்களையும் இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" நானும் அவன் அக்காவும் ஆளுக்கொரு கட்சி எடுத்து அரை மணி நேரம் வாதாடினோம். சோறு ஆறிப்போய் வீட்டில் திட்டு வாங்கியது தனிக் கதை.

ஒரே கதைக்கு இரண்டு பதில் இருக்கலாம் என்று பிள்ளை தானாக வாதாடத் தொடங்கினால் வாலி வதம், ஏகலைவன், கர்ணன் எல்லாவற்றுக்கும் கதவு திறக்கலாம். வாலியை ராமன் மறைந்து நின்று அடித்தது சரியா என்பது கம்பனே வாலியின் வாயால் நீட்டி முழக்கிக் கேட்கும் கேள்வி. இரண்டு பெட்டி மட்டும் வைத்திருக்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும், அல்லது கொட்டாவி.

சாவு என்றால் என்னவென்று தெரியுமா?

பெரிய கதைகளில் ஆட்கள் சாகிறார்கள். ஆகவே இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தைகளிடம் பேசி மரியா நாகி என்ற உளவியலாளர் 1948இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு என்பது தூக்கம் மாதிரி, ஊருக்குப் போன மாதிரி, திரும்பி வரலாம். அதற்கு மேலுள்ள சிலர் அதை ஒரு ஆளாகவே, வந்து பிடித்துக்கொண்டு போகிறவனாக நினைத்தார்கள். எல்லோருக்கும் வரும் என்ற தெளிவு ஒன்பது வயது வாக்கில்தான் வந்தது. பின்னால் 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள்: செத்தவர் திரும்ப வரமாட்டார், செத்த உடம்புக்குப் பசி வலி கிடையாது, உயிருள்ள எல்லாமே ஒருநாள் சாகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகிறது என்றார்கள்.

வீட்டில் இதைத் தெரிந்துகொள்ளத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். மாலை போட்ட தாத்தா படத்தைப் பார்த்து "எப்ப வருவாரு?" என்று கேட்கிறதா, "எங்க இருக்காரு?" என்று கேட்கிறதா? செத்த பல்லியைக் குச்சியால் குத்தி எழுப்புகிறதா, ஒதுங்கி நிற்கிறதா? "எப்ப வருவாரு" என்று கேட்கிற பிள்ளைக்கு அபிமன்யு செத்தது கண்ணாமூச்சியில் அவுட் ஆனது மாதிரிதான். சொன்னால் கெட்டுப்போகாது, ஆனால் சொல்லிப் பயனும் இல்லை.

இதில் எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லித்தராத ஒன்று உண்டு. ஐந்து வயதில் சிரித்துக்கொண்டு கேட்ட கதையை ஆறரை வயதில் "வேண்டாம், நிறுத்து" என்று சொல்லும். முன்னேறியது பின்னால் போகிறதே என்று எனக்குக் கவலை. உண்மையில் அந்த வயதில்தான் சாவு என்றால் திரும்ப வராதது என்று புரிந்திருக்கிறது. தெரியாமல் கேட்டதை இப்போது தெரிந்து கேட்கிறது. அந்த ஒரு வருஷம் போல விட்டுப் பிடியுங்கள். தெனாலிராமனும் மரியாதை ராமனும் எதற்கு இருக்கிறார்கள்?

எதைப் பார்த்துப் பயப்படுகிறது?

ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் வேலை செய்த சிந்தியா ஹோஃப்னரும் 1985இல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கிழவியைப் பற்றிய குட்டிப் படம், நான்கு விதமாக எடுத்தது. பார்க்க நல்ல பாட்டி, குணமும் நல்லது; பார்க்க நல்லவள், குணம் கொடுமை; பார்க்கச் சூனியக்காரி, குணம் நல்லது; இரண்டுமே மோசம். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் தோற்றத்தை வைத்தே கிழவியை எடைபோட்டார்கள். வயது கூடக்கூட அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஐந்து வயதுக்குள் என்றால் படத்தைப் பாருங்கள். கதை சாதுவாக இருக்கும், நடுப்பக்கத்தில் கோரைப்பல்லோடு ஒரு ராட்சசன் நிற்பான். ராத்திரி அவன்தான் வருவான். ஏழு எட்டு வயதுக்கு மேல் வார்த்தையைப் பாருங்கள். பத்துத் தலை ராவணன் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பள்ளி வேன் விபத்து, அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, இதெல்லாம்தான் தூங்க விடாது. "ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா" என்று தொடங்குவதே பிள்ளைக்கும் கதைக்கும் நடுவில் ஒரு வேலி போடத்தான். மூன்றாம் வகுப்புப் பையன், அபார்ட்மென்ட் வீடு, வேலைக்குப் போகிற அம்மா என்று வருகிற கதையில் அந்த வேலி கிடையாது. சண்டை ஒன்றுகூட இல்லாத கதையாக இருந்தாலும் அதைப் பெரிய கதையாகவே எண்ணிக்கொள்ளுங்கள். சீராளன் கதையில் நான் கோட்டைவிட்டதும் இங்கேதான். அதில் ராட்சசன் யாரும் இல்லை, அப்பா அம்மாதான் இருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளை பயந்துவிட்டால் "அதெல்லாம் பொய், சும்மா கதை" என்று விளக்குவது அவ்வளவாக எடுபடாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போர்வை கொடுங்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள். பேசித் தீர்ப்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம்தான் வேலை செய்யும்.

வாய், புத்தகம், திரை: இந்த வரிசையில்

ஒரே கதையை நான்கு வழியில் கொடுக்கலாம். நீங்கள் வாயால் சொல்வது, புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டுவது, பிள்ளையே படிப்பது, திரையில் பார்ப்பது. புதிதாக ஒரு கனமான கதையை எடுக்கிறீர்கள் என்றால் வாயால் சொல்வதில்தான் தொடங்க வேண்டும். முகம் வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்லலாம், வாடினால் ஒரு காட்சியைத் தாண்டிப் போகலாம், போர்க்களத்தை இரண்டு வரியில் முடிக்கலாம். அச்சடித்த பக்கம் அப்படி வளையாது. திரையோ யார் முகத்தையும் பார்ப்பதே இல்லை.

வாயால் கேட்டது பிடித்திருந்தால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு கையில் கொடுங்கள். படம் கடைசி.

படத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். உதவும். முன்பெல்லாம் யு, யுஏ, ஏ என்றுதான் இருந்தது. 2023இல் சட்டத் திருத்தம் வந்த பிறகு யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஓடிடி தளங்களிலும் அதே வயதுக் கணக்குதான். அடிதடி, கெட்ட வார்த்தை, போதைப் பொருள் இதையெல்லாம் அது ஓரளவு சொல்லிவிடும். துக்கத்தை அது அளப்பதில்லை. 1994இல் வந்த தி லயன் கிங் படத்துக்கு அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்றுதான் சான்று. அதில் குட்டிச் சிங்கம் செத்துக் கிடக்கும் அப்பாவை எழுப்பப் பார்க்கும் காட்சி எத்தனை வீட்டில் அழுகையைக் கிளப்பியது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விடலாம், மாற்றக் கூடாது

சின்னப் பிள்ளைக்குச் சொல்லும்போது எதையாவது விட்டுத்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் விடுகிறோம். அரக்கு மாளிகைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாளிகை எரிகிறது, பாண்டவர்களும் குந்தியும் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். ஆறு வயதுக்கு இது பிரமாதமான கதை. ஆனால் வியாச பாரதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்று ராத்திரி விருந்துக்கு வந்த ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிட்டார்கள். அவர்கள் எரிந்துபோனார்கள். அந்த ஆறு உடல்களைப் பார்த்துத்தான் பாண்டவர்கள் செத்தார்கள் என்று ஊர் நம்பியது. இதை ஆறு வயதில் நான் சொல்லவில்லை. ஒன்பது வயதில் சொன்னேன். அன்றிலிருந்து என் மகளுக்கு, மாளிகைக்குத் தீ வைத்த பீமன் மேல் இருந்த மரியாதை ஒரு படி இறங்கிவிட்டது. "அவங்கள எழுப்பி இருக்கலாம்ல?" இந்தக் கேள்விக்காகவே மூன்று வருஷம் காத்திருந்தது நல்லது என்று நினைக்கிறேன்.

விடுவது வேறு, மாற்றுவது வேறு. மகனுக்கு அபிமன்யு மேல் உயிர். சக்கர வியூகத்துக்குள் போனதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, கடைசியில் அர்ச்சுனன் வந்து காப்பாற்றிவிட்டான் என்று அளந்துவிட்டேன். அடுத்த வருஷம் பெரியம்மா பையன் உண்மையைப் போட்டு உடைத்தான். வீட்டுக்கு வந்து என்னிடம் அவன் சொன்னது இரண்டே வார்த்தை: "பொய் சொன்ன." அதற்குப் பிறகு பல மாதம் எந்தக் கதை சொன்னாலும் "நெஜமாவே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக விட்டான். சொல்ல முடியாது என்று தோன்றினால் "மீதியை நீ இன்னும் கொஞ்சம் பெரியவன் ஆனதும் சொல்றேன்" என்று நேராகச் சொல்லி நிறுத்துங்கள். முணுமுணுக்கும். பரவாயில்லை.

எங்கே தொடங்குவது?

எங்கள் வீட்டில் மகாபாரதத்தை வரிசையாகச் சொல்லவில்லை. சந்தனுவில் தொடங்கினால் கங்கை ஏழு குழந்தைகளை ஆற்றில் போடுகிற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். நான் பகாசுரனில் தொடங்கினேன், ஆறு வயதில். வண்டி நிறையச் சோறு, அதை வழியிலேயே தின்னுகிற பீமன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தக் கதைக்குள் ஒரு சின்ன இடம் உண்டு, தவறவிடாதீர்கள். யார் அசுரனுக்கு இரையாகப் போவது என்று அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, மழலை மாறாத குட்டிப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு "இதால அவனைக் கொன்னுடுவேன்" என்கிறான். அழுகிறவர்கள் நடுவில் சிரித்துவிடுகிறார்கள். துக்கமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வரலாம் என்று பிள்ளை முதல்முறையாகப் பார்க்கிற இடம் அது. இதில் பிள்ளையின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே அடுத்த கதைக்கு நாள் குறித்துவிடலாம்.

அப்புறம் அரக்கு மாளிகை, அர்ச்சுனனின் கிளிக்கண், யட்சன் கேள்விகள். கேள்வி பதில் பிடிக்கும் பிள்ளைக்கு யட்சன் ஏழு வயதிலேயே ஒத்துவரும். ஏகலைவனை எட்டு வயதுக்கு மேல்தான் எடுத்தேன். கட்டை விரல் போவது பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரியது, ஏன் அவனுக்கு மட்டும் சொல்லித்தரவில்லை என்ற கேள்வி. நந்தனார் கதையும் இந்த வகை. பக்திக் கதை என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், "அவரை ஏன் உள்ள விடல?" என்று பிள்ளை கேட்கும்போது சாதி பற்றி நேராகப் பேச உங்களுக்கு வாய் வரும் என்றால் மட்டும் தொடங்குங்கள். இங்கே தயாராக வேண்டியது பிள்ளை மட்டும் இல்லை.

கர்ணன் ஒன்பது வயதில். அவன் சாவைவிட, பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டதுதான் தொண்டையை அடைக்கும். திரௌபதியின் சபைக் காட்சியைப் பத்துப் பதினொன்றுக்குத் தள்ளிவைத்தேன். தூங்குகிற பிள்ளைகளை அசுவத்தாமன் கொல்வதை இன்னும் தள்ளி. இந்த வயதெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கு, உங்கள் நோட்டு வேறு சொல்லலாம்.

ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையை என் பாட்டி எனக்கு ஐந்து வயதில் பாட்டாகவே பாடினாள், நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான். பாட்டி பாடும்போது கூடவே பத்துப் பேர் படுத்திருந்தார்கள், பாட்டியும் அழுதாள். தனி அறையில் டேப்லட்டில் கேட்பதும் அதுவும் ஒன்றில்லை.

தமிழ் என்கிற இன்னொரு படி

கதை புரிகிற வயதும் அதைப் படிக்கிற வயதும் சேர்ந்து வருவதில்லை. காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பல வருஷம் முன்னாலேயே ஓடும். கர்ணனுக்காக அழத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பத்தி தமிழ் படிக்க மூச்சு வாங்கலாம்.

தமிழில் இந்தத் தூரம் இன்னும் அதிகம். வீட்டில் "போனான், சொன்னான்" என்று பேசுகிற பிள்ளை, புத்தகத்தில் "சென்றான், கூறினான், வினவினான்" என்று பார்க்கிறது. "வந்துகொண்டிருந்தவனைப்பார்த்து" என்று ஒரே சொல்லாக ஒட்டி அச்சடித்திருந்தால் எங்கே பிரிப்பது? ஒரு பக்கத்தில் தெரியாத வார்த்தை ஐந்து இருந்தால் புத்தகம் கடினம் என்று ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு விரல் கணக்குச் சொல்வார்கள். தமிழுக்கு நான் அதை நம்புவதில்லை. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி, "என்னடா நடந்துச்சு?" என்று கேளுங்கள். தன் பேச்சில் சொல்ல வந்தால் அந்தப் புத்தகம் சரி. படித்தது சுத்தமாக இருந்து, சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்கள்தான் இன்னும் கொஞ்ச நாள் வாசித்துக் காட்ட வேண்டும்.

படிப்படியாக ஏற நல்ல வசதிகள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று வகை பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குக் கையில் கிடைத்திருக்கும். இந்த நிலைகள் வாசிப்புத் திறமைக்கானவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். "பற" நிலைக்கு வந்த பிள்ளை எந்தக் கதைக்கும் தயார் என்று பொருள் இல்லை.

பொன்னியின் செல்வனை எப்போது கொடுக்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர், ஐந்து பாகம். முதல் பாகம் குதிரையும் ஒற்றர்களும் ஓட்டமுமாகப் பத்து வயதுக்கே இழுத்துக்கொண்டு போகும். நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் நடுவில் இருப்பது அந்த வயதில் பிடிபடாது, தாண்டிப் போய்விடும். தாண்டட்டும். பதினாலு வயதில் மறுபடி எடுக்கும்போது அது வேறு புத்தகமாக இருக்கும்.

அவசரப்பட்டுவிட்டோமா?

புதுக் கதையைப் பகலில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்த நேரம் நல்லது. பயமோ துக்கமோ வந்தாலும் விளையாடித் தீர்க்க நாள் முழுக்க இருக்கும். "இதுல ஒருத்தர் செத்துப்போவாரு, வேணாம்னா கைய தூக்கு, நிறுத்திடறேன்" என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். சஸ்பென்ஸ் கெட்டுப்போகுமே என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது பெரிதில்லை.

கதை முடிந்து ஒரு வாரம் கவனியுங்கள். அபிமன்யு மாதிரி விழுந்து விழுந்து செத்து விளையாடினால் நல்லது, உள்ளே செரிக்கிறது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாலும் அப்படியே. அழ வேண்டிய இடத்தில் சிரித்தால் கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள், என்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு அது. நெளிவது, சட்டைப் பித்தானைத் திருகுவது, "எனக்குத் தூக்கம் வருது" என்று பகல் பதினொரு மணிக்குச் சொல்வது, இதெல்லாம் கையைத் தூக்குவதற்குச் சமம். நிறுத்திவிடுங்கள்.

தனியாகப் பாத்ரூம் போக மறுப்பது, நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவது, "நீ செத்துப்போவியா?" என்று நாள் தவறாமல் கேட்பது என்று வந்தால் அந்தக் கதையை மூடிவைத்துவிட்டுப் பழைய கதைகளுக்குத் திரும்புங்கள். எங்கள் வீட்டில் பத்து நாளில் சரியானது. வாரக்கணக்கில் நீடித்தால் பிள்ளையின் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. கதை ஒரு சாக்காகவும் இருக்கலாம், பள்ளியில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் மூத்ததுக்குச் சொல்வதைச் சின்னது கேட்டுவிடும். எப்படியும் கேட்கும். நான் செய்தது, வாரத்தில் ஒருநாள் மொட்டை மாடியில் மகளுக்கு மட்டும் அரை மணி நேரம். சின்னவனுக்கு அதில் செம கோபம். எட்டு வயது ஆன அன்றைக்கு அவனும் மேலே ஏறி வந்தான், பாயைக்கூட அவனே தூக்கிக்கொண்டு.

நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. போன வாரம் மகாபாரதத்தின் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். எல்லாம் முடிந்து பாண்டவர்கள் இமயமலை ஏறுகிறார்கள், ஒவ்வொருவராக விழுகிறார்கள், தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான், பின்னாலேயே ஒரு நாய். மகள் எதுவும் பேசவில்லை. மகனின் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: "அவ்ளோ தூரம் கூட வந்துச்சே, யாருமே அதுக்கு ஒரு பேரு வைக்கலையா?"